பட்டன் நல்லா இருந்த டயர்: ஆலங்குடி வழியில் ஒரு விபத்தின் ஆய்வு

மன்னார்குடியில் நான் கார் ஒர்க்‌ஷாப் வைத்து 19 வருஷம் ஆகிறது. இடித்துக்கொண்டு வந்த வண்டிகள் நிறையப் பார்த்தாயிற்று. பானெட், பம்பர், ஹெட்லைட் என்று கணக்குப் போடுவேன். இன்சூரன்ஸ் ஆள் வந்து படம் எடுத்துப் போனதும் வேலையை ஆரம்பித்துவிடுவேன். ஏன் இடித்தது என்று யாரும் கேட்பதில்லை, நானும் தேடியதில்லை. 2025 பங்குனியில் வந்த ஒரு வண்டியை மட்டும் இரண்டு நாள் பழுது வேலையை ஆரம்பிக்காமல் வைத்துப் பார்த்தேன். அது என் தாய்மாமா வீட்டுக் கார். அதற்குள் இருந்த ஐந்து பேரும் என் சொந்தம்.

பார்த்ததை அப்போதே ஒரு நோட்டில் எழுதினேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நடந்தது

மாமா வீடு மன்னார்குடிக்குத் தெற்கே, கோட்டூர் பக்கம் ஒரு கிராமம். கார் 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 68,000 கிலோமீட்டர் ஓடியது. அப்போது அதை ஓட்டியது மாமா மகன் மட்டும்தான். அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை, லீவில் வந்தால்தான் வண்டி வெளியே வரும். 2024 வைகாசியில் கிளம்பும்போது காரைக் கொட்டகையில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்து, மேலே கவரும் போர்த்திவிட்டுப் போனான். பத்து மாதம் அப்படியே நின்றது. ஐப்பசி, கார்த்திகை மழை போயிற்று. தை மாதம் சம்பா அறுவடையும் முடிந்தது.

பங்குனியில் வந்தவன் சாவியைத் திருப்பினால் பேட்டரியில் உயிர் இல்லை. பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தார்கள். பின்னால் எடுக்கும்போது இடது பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் வண்டி நகர்ந்துவிட்டது. தண்ணீர் அடித்துக் கழுவி, பெட்ரோல் போட்டு, ஆயில் பார்த்தார்கள். பங்கில் காற்று மெஷின் ஓடவில்லை, ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று வந்துவிட்டார்கள். டயர் நாலும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன.

அன்று ராத்திரி எனக்குப் போன் வந்தது.

“அத்தான், வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. நாளைக்கு வியாழக்கிழமை, ஆலங்குடி குரு கோயிலுக்குப் போயிட்டு வரலாம்னு அம்மா சொல்றாங்க. வேற ஏதாவது பாக்கணுமா?”

“ஆயில் பாத்தியா? கூலன்ட்?”

“பாத்தாச்சு.”

“அப்ப சரி மாப்ள, போயிட்டு வாங்க.”

இந்த நாலு வரியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வண்டி கிளம்புமா என்பதற்கு வேண்டியதைக் கேட்டேன். நிற்குமா என்பதற்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

காலை ஆறரைக்குச் சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து எடுத்தார்கள். முன்னால் மகனும் மாமாவும் பெல்ட் போட்டிருந்தார்கள். பின்னால் அத்தை, அவர் மகள், மகளுடைய நாலு வயசுக் குழந்தை. குழந்தை அத்தை மடியில். பின் சீட்டில் யாரும் பெல்ட் போடவில்லை.

உளுந்து, பயறு அறுவடை நடக்கும் நேரம் அது. மன்னார்குடி வருவதற்குள் மூன்று இடத்தில் ரோட்டை அடைத்து உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். மேலே ஏறித்தான் போக வேண்டும். அடியில் சரசரவென்று உரசிக்கொண்டே போனதாக மாமா சொன்னார். மன்னார்குடி தாண்டியதும் வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் லேசாக ஆடுவது மாதிரி ஓட்டிய மாமா மகனுக்குத் தோன்றியிருக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே எத்தனை நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஏ.சி. போட்டபடி இருபது நிமிஷம் நின்றிருக்கிறார்கள். அப்போது ஏதோ கருகுகிற வாசனை வருகிறது என்று அத்தை சொல்லியிருக்கிறார். வயலில் யாரோ கொளுத்துகிறார்கள் என்று மாமா சொல்ல, பேச்சு அதோடு போய்விட்டது.

கேட் திறந்தது. போன நேரத்தைப் பிடிக்கலாம் என்று அவன் 70, 75-இல் போயிருக்கிறான். ஆலங்குடிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது பின் இடது டயர் வெடித்தது. வண்டியின் வால் ஒரு பக்கம் வாங்கியது. பயத்தில் பிரேக்கை முழுசாக மிதித்தான். ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தும் வண்டி திரும்பவில்லை. நேராக வழுக்கி, ரோட்டோரச் சரிவில் இறங்கி, மூக்கு வாய்க்காலில் குத்தி நின்றது.

அத்தைக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. குழந்தை முன் சீட்டில் மோதி உதடு கிழிந்தது, இரண்டு தையல். மற்ற மூன்று பேருக்கும் சிராய்ப்பும் கன்றிய காயமும்தான். பக்கத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் ஓடிவந்து கதவைத் திறந்தவர்கள். 108-க்குப் போன் போட்டதும் அவர்களே.

வாய்க்காலில் அன்று தண்ணீர் இல்லை. மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். பங்குனியில் வாய்க்கால் வெறும் பொருக்குமண். இதே விபத்து ஆடி, ஆவணியில் நடந்திருந்தால் மூக்கு குத்தின கார் தண்ணீருக்குள் இருந்திருக்கும். கதவு திறந்திருக்காது. டெல்டாவில் பாதி ரோடு ஆற்றங்கரையோ வாய்க்கால் கரையோதான். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று எந்தப் பக்கம் போனாலும் இடதோரம் தடுப்பில்லாமல் சரியும். மற்ற ஊரில் டயர் வெடித்தால் வயலில் இறங்கி நிற்கும் வண்டி இங்கே தண்ணீரில் இறங்கும்.

ரோட்டில் பார்த்தது, ஒர்க்‌ஷாப்பில் பார்த்தது

மறுநாள் காலை முதலில் அந்த இடத்துக்குப் போனேன். ரோட்டில் முன் சக்கரங்களின் இரண்டு கறுப்புக் கோடு, என் நடையில் 22 எட்டு நீளம். கோடு முழுக்கக் கறுப்பாக, விடாமல் ஓடியிருந்தது. இது சக்கரம் சுழலாமல் இறுகி இழுபட்ட தடம். ஏ.பி.எஸ். (முழுசாக மிதித்தாலும் சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) வேலை செய்திருந்தால் பிடித்து விட்டு, பிடித்து விட்டுப் போயிருக்கும். தடம் இவ்வளவு அழுத்தமாக விழாது. இந்தக் காரில் ஏ.பி.எஸ். உண்டு. அப்படியென்றால் அது ஏன் பிடிக்கவில்லை? அந்தக் கேள்வியோடுதான் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினேன்.

டயரிலிருந்து ஆரம்பித்தேன். பட்டன் (ரோட்டில் பதிகிற ரப்பர் கட்டை) ஆழம் அளந்தால் 6.5 மி.மீ. சட்டப்படி காருக்கு 1.6 மி.மீ. இருந்தால் போதும். புது டயரிலேயே ஏறக்குறைய 7, 8 மி.மீ.தான் வரும். அதாவது பட்டனை மட்டும் பார்த்தால் இது புது டயர். பக்கச்சுவரோ ஒரு பக்கம் வளையமாகக் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. ரிம்மிலிருந்து கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி கறுப்புத் தூள் கொட்டியது. அந்தத் தூளைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். காற்று குறைந்த டயர் ஓடும்போது பக்கச்சுவர் மடங்கி மடங்கி, உட்புற ரப்பர் அரைபட்டுத் தூளாகும். ஆணி குத்தி வெடித்த டயரில் இவ்வளவு தூள் வராது.

பக்கச்சுவரில் எழுதியிருந்த நாலு இலக்கம் 1114. கடைசி இரண்டு இலக்கம் வருஷம், முதல் இரண்டு வாரம். 2014-ஆம் வருஷம் 11-ஆவது வாரம் செய்த டயர். மற்ற மூன்றும் 2021-இல் செய்தவை. எப்படி? மாமாவைக் கேட்டபோதுதான் கதை வந்தது. 2021-இல் டயர் மாற்றும்போது மூன்று மட்டும் வாங்கியிருக்கிறார்கள். நாலாவதாக ஸ்டெப்னியை எடுத்து மாட்டியிருக்கிறார்கள், “ஏழு வருஷமா ஓடவே இல்ல, பட்டன் அப்படியே புதுசா இருக்கு” என்று. காசை மிச்சம் பிடிக்க யாரும் செய்கிற காரியம்தான், நானே சிலருக்கு அப்படி மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். வெயிலும் காற்றும் பட்டு அது இறுகும், நுண்ணிய வெடிப்பு விடும். விரலால் வளைத்துப் பார்த்தால் பட்டனுக்கு இடையே வாய்பிளந்த கோடுகள் தெரிந்தன. வளைக்காமல் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காற்று எப்படிக் குறைந்தது என்று பார்க்க, அதே ரிம்மில், அதே வால்வோடு, கடையிலிருந்த வேறொரு டயரை ஏற்றி 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று வைத்தேன். சோப்புத் தண்ணீர் தடவி வால்வைப் பக்கவாட்டில் வளைத்ததும் அடியில் பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது. வால்வு ரப்பரும் 2014-இல் வந்ததுதான், மூடியும் இல்லை. மற்ற டயர்களில் இருந்த காற்று: முன் வலது 27, முன் இடது 26, பின் வலது 22. கதவோர ஸ்டிக்கரில் போட்டிருப்பது 30, முழுப் பாரம் என்றால் பின்னால் 33. ஒழுகாத வால்வு உள்ள பின் டயரிலேயே 22 என்றால், வெடித்ததில் அதைவிட எவ்வளவோ கீழேதான் இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது பின் இடது சக்கரத்தின் பிரேக் டிரம். கையால் சுற்றினால் உராய்ந்து உராய்ந்து நின்றது. வலது பக்கம் சுலபமாகச் சுற்றியது. பத்து மாதம் ஹேண்ட்பிரேக் இழுத்தபடி மழைக்காலம் முழுக்க நின்றதில் பிரேக் லைனிங் (டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை) டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. முதலில் எடுக்கும்போது கேட்ட ‘டொக்’ சத்தம் அது பிய்ந்த சத்தம். பிய்ந்த பிறகும் கேபிள் முழுசாகத் தளரவில்லை, லைனிங் பளபளவென்று வெந்திருந்தது. 35 கிலோமீட்டர் அந்தச் சூடு ரிம்முக்கும், ரிம்மிலிருந்து டயருக்கும் போயிருக்கிறது.

பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு மேலே எலிக்கூடு. வைக்கோல், தேங்காய் நார், கிழிந்த துணி எல்லாம் சேர்த்துக் கட்டியிருந்தது. சம்பா அறுத்ததும் வயல் எலிக்குத் தீனியும் மறைவும் போய்விடும், வீட்டுப் பக்கம் ஏறும். தை, மாசியில் என் ஒர்க்‌ஷாப்புக்கு எலி கடித்த ஒயர் வேலை வராத வாரமே கிடையாது. இந்தக் காரில் அது கடித்தது முன் வலது சக்கரத்தின் ஏ.பி.எஸ். சென்சார் ஒயரை. ஒரு சென்சார் போனாலே ஏ.பி.எஸ். தன்னை நிறுத்திக்கொண்டு மீட்டரில் விளக்கு போடும். சாதா பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும், அதனால் ஓட்டுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. முழு மிதி மிதித்தால்தான் தெரியும். சக்கரம் உருண்டால்தான் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும், இறுகிவிட்டால் எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி போகிற போக்கில்தான் போகும். ரோட்டில் கிடந்த இரண்டு கறுப்புக் கோட்டுக்குப் பதில் இதுதான்.

பிறகு அடியில் படுத்துப் பார்த்தேன். முன் ஆக்சிலில் உளுந்துக் கொடி கயிறு மாதிரி முறுக்கிச் சுற்றியிருந்தது. சைலன்சர் குழாய்க்கும் அதன் மேல் தகட்டுக்கும் இடையே ஒரு கொத்து சிக்கி, ஓரமெல்லாம் கருகியிருந்தது. என் கை நடுங்கியது உண்மை. புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும், ஓட்டத்தில் அதற்கும் மேலே போகும். காய்ந்த செடிக்கு அந்தச் சூடு போதும். ஓடும்போது காற்று பட்டுக்கொண்டிருந்த இடம், கேட்டில் இருபது நிமிஷம் அசையாமல் நின்றிருக்கிறது. அத்தைக்கு வந்த வாசனை வயலிலிருந்து வரவில்லை.

கடைசியாகப் பின் சீட். பெல்ட் வார் இருந்தது, பூட்டுகிற பக்கிளைக் காணோம். சீட் கவரைத் தூக்கினால் மூன்றும் அடியில் அமுங்கிக் கிடந்தன. கவர் தைத்துப் போட்ட நாளிலிருந்து அப்படியே. அத்தை பெல்ட் போட நினைத்திருந்தாலும் போட்டிருக்க முடியாது. பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

பிரேக் ஆயிலும் பழசு, டீ நிறத்தில் இருந்தது. விபத்துக்கு அது காரணமில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை: பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது அளவு. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவே 155-க்கு இறங்கிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

ஏன் யாருக்கும் தோன்றவில்லை

வண்டி நாலு முறை சொல்லியிருக்கிறது: சத்தம், மீட்டர் விளக்கு, ஆட்டம், வாசனை. நாலையும் யாராவது ஒருவர் கவனித்துமிருக்கிறார். சத்தத்துக்கு ‘நின்ன வண்டின்னா அப்படித்தான்’. விளக்குக்கு ‘பேட்டரி செத்ததால எரியுது’. ஆட்டத்துக்கு ‘அஞ்சு பேர் பாரம்’. வாசனைக்கு ‘வயல்ல கொளுத்துறாங்க’. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். பேட்டரி செத்தால் அந்த மாதிரி விளக்குகள் எரிவது உண்டு, பங்குனியில் வயலில் புகை வருவதும் உண்டு. அவர்கள் அசட்டையான ஆட்கள் கிடையாது. தெரிந்த காரணம் ஒன்று உடனே கைக்குக் கிடைத்ததால் இறங்கிப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

டயர் விஷயத்தில் கண்ணே ஏமாற்றியது. ரேடியல் டயர் சரியான காற்றிலும் அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். 30-க்கும் 20-க்கும் வித்தியாசம் எனக்கே பார்வையில் தெரியாது. காலால் உதைத்துப் பார்ப்பதும் வீண். அளவுமானி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 500 சுற்று சுற்றும். காற்று குறைந்தால் அந்த 500 தடவையும் பக்கச்சுவர் மடங்கி நிமிரும், ஒவ்வொரு மடிப்பும் சூடு. அதற்கு மேல் பங்குனி வெயிலில் காய்ந்த தார் ரோடு, ஐந்து பேர் பாரம், ஒட்டிக்கொண்ட பிரேக். இதில் ஏதாவது ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அந்த டயர் ஆலங்குடி வரை தாக்குப்பிடித்திருக்கலாம். திரும்பி வந்திருக்குமா என்று சொல்லமாட்டேன்.

உளுந்து பரப்புகிறவர்களைக் குறை சொல்லி என்னிடம் சிலர் பேசினார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஊருக்கு ஊர் களம் போதவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும் அவர்கள் உயிருக்கும் ஆபத்துதான். களம் கட்டிக் கொடுக்கிற வரை நாம்தான் மெதுவாக, நடுவில் நிறுத்தாமல் கடந்து, சுத்தமான இடத்தில் இறங்கி அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

இப்போது நான் பார்க்கும் விதம்

முதல் நாள் சாயங்காலமே பார்த்துவிடுங்கள். காலையில் எல்லோரும் கிளம்பி நிற்கும்போது கோளாறு கண்ணில் பட்டாலும் மனசு அதை ஒப்புக்கொள்ளாது.

காரைக் கொஞ்சம் நகர்த்தி, நின்ற இடத்துத் தரையைப் பார்ப்பேன். ஏ.சி. தண்ணீர் சொட்டியிருந்தால் பரவாயில்லை, எண்ணெய்ப் பிசுக்கோ கலர் தண்ணீரோ இருந்தால் அது எங்கிருந்து என்று தெரியாமல் எடுக்கமாட்டேன். அப்புறம் டயர். ஓடாமல் ஆறியிருக்கும்போது அளவுமானி வைத்து நாலும், ஸ்டெப்னியும். பட்டனுக்கு இடையே விரல் விட்டு வளைத்துப் பார்ப்பது, நாலு இலக்கத்தைப் படிப்பது, வால்வை வளைத்து எச்சில் தொட்டு வைப்பது. மாமா இன்றும் எலுமிச்சம்பழம் வைக்கிறார், வைக்க வேண்டியதுதான். நாலு சக்கரத்துக்கும் குனிகிற அந்த நேரத்திலேயே டயரையும் ஒரு கை தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், பார்க்கிறார்.

பானெட்டைத் திறந்தால் முதலில் எலி, பிறகு ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில். கூலன்ட் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. பிரேக் ஆயில் மட்டம் இறங்கியிருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். ஒன்று பேட் தேய்ந்திருக்கும், இல்லை எங்கோ ஒழுகும்.

உள்ளே உட்கார்ந்து சாவியை ஆன் செய்தால் மீட்டர் விளக்குகள் எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எது அணையவில்லையோ அதற்குக் காரணத்தை நாமே கற்பிக்காமல் ஒருவரிடம் காட்ட வேண்டும். எஞ்சின் ஆஃபில் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்காவிட்டால் பிரேக் பூஸ்டரில் (மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) கோளாறு. பின் சீட் பக்கிள் வெளியே இருக்கிறதா என்பதைக் கையால் பூட்டிப் பார்க்கிறேன். லைட், இண்டிகேட்டரை வீட்டுச் சுவரில் விழுகிற வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம்.

ரோட்டில் ஏறியதும் 20 வேகத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது ஒரு பிரேக். பத்து கிலோமீட்டர் ஓடியதும் ஓரங்கட்டி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் காட்டிப் பார்ப்பேன், தொடாமல். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் அங்கே பிரேக் ஒட்டியிருக்கிறது. மாமா கார் மன்னார்குடியில், என் கடை வாசலில் இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் அந்த ஒரு கைச்சூட்டிலேயே தெரிந்திருக்கும்.

ஓடும்போது டயர் வெடித்தால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். பிரேக்கைத் தொடாமல் வேகம் தானாகக் குறைந்ததும் மெல்ல ஓரங்கட்ட வேண்டும்.

சித்திரையில் அவன் சிங்கப்பூர் கிளம்பும்போது நானே போய் வண்டியை நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக் போடவில்லை. முதல் கியரில் விட்டு, முன்னும் பின்னும் செங்கல் கொடுத்து, பேட்டரி ஒயரைக் கழற்றினேன். மாதம் ஒருமுறை மாமா ஒயரை மாட்டி, ஊர் எல்லை வரை ஓட்டிவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. அத்தைக்குக் கை கூடிவிட்டது. ஆனால் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் வலிக்கிறது என்கிறார்.

அடுத்த பொங்கலுக்கு அவன் வந்தபோது, ஆலங்குடி பாக்கி இருக்கிறது என்று அத்தை நினைவுபடுத்தினார். புதன்கிழமை சாயங்காலம் போன் வந்தது. நான் கேட்பதற்கு முன்பே அவன் படிக்க ஆரம்பித்தான்: “முன்னால ரெண்டும் 30, பின்னால ரெண்டும் 33, ஸ்டெப்னி 35. பின் சீட்ல மூணு பக்கிளும் பூட்டிப் பாத்துட்டேன் அத்தான். பாப்பாவுக்குத் தனி சீட் வாங்கி மாட்டியாச்சு.”